சீசாவில் ஒரு வளவு

ஆனி மாதம் பிறந்துவிட்டால் பலெர்மோவின் பல்லரோ சந்தையில் சுரைக்கொழுந்து கட்டுக்கட்டாக வந்து இறங்கும். இலை, இளந்தண்டு, சுருண்ட கொடிநுனி எல்லாம் சேர்ந்த கட்டு. தெனெரூமி, தெனெரூமி என்று கூவி விற்பார்கள். பக்கத்துத் தட்டில் அதன் காய் கிடக்கும், வெளிர்பச்சையாய், ஒரு மீட்டருக்கும் மேல் நீண்டு. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுப் பந்தலில் காய்த்தது அடி பெருத்த குண்டுச் சுரை, இது நெடுஞ்சுரை. இனம் ஒன்றுதான். 1990களின் தொடக்கத்தில் இந்த நகரத்துக்கு வந்து, ஒரு சொல்லும் பேசத் தெரியாமல் அந்தச் சந்தைக்குள் நடந்தபோது, யாரையும் கேட்காமலே எனக்கு இன்னதென்று தெரிந்த பொருள் அதுதான். சிசிலிக்காரர் அந்தக் கொழுந்தைத் தக்காளி, உள்ளியோடு அவித்து, ஸ்பகெத்தியைச் சிறிது சிறிதாக முறித்துப் போட்டுக் குழம்பலாக உண்பார்கள். நான் வாங்கிவந்து அரிந்து, தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்தேன். வீட்டில் இருந்த எல்லாரும் பேசாமல் சாப்பிட்டோம்.

நான் நீர்வேலியில் பிறந்தவள். வாழைத் தோட்டத்துக்குப் பெயர்பெற்ற ஊர், செம்பாட்டு மண். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கும். அதைக் கிணறு வெட்டி எடுக்கவேண்டும். பாட்டன் காலத்தில் துலா மிதித்து இறைத்தார்கள். என் காலத்தில் மெசின் வந்துவிட்டது. விடியப்புறம் ஐயா மெசினைப் போட்டதும் நான் மண்வெட்டியோடு நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிவிடுவேன். ஒன்று நிறைந்ததும் அதன் வாயை மண்ணால் அடைத்து அடுத்ததைத் திறக்கவேண்டும். கிணற்றடியில் குளிக்கிற தண்ணீர் வாழைக்குப் போகும். அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு. அதில் மிஞ்சினால் அடுப்படிக்குப் பின்னால் நின்ற மிளகாய்க் கன்றுக்கு. தண்ணீர் எதுவும் சும்மா நிலத்தில் கொட்டப்பட்டதில்லை.

1983க்குப் பிறகு எங்கள் ஆட்கள் பலெர்மோவுக்கு வரத் தொடங்கினார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்தது வீட்டுவேலை, சமையல்கட்டு வேலை, முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மொந்தே பெல்லெக்ரினோ மலையேறிச் சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்குப் போவோம். சைவர், கத்தோலிக்கர் என்ற பேதம் அங்கே இருந்ததில்லை, இன்றும் இல்லை. மற்ற நாட்களில் வேலை, வீடு. அந்த வீட்டுக்கு ஒரு பால்கனி இருந்தால் அதில் சில சாடிகள் இருக்கும். மிளகாய், தக்காளி, குளிரில் மஞ்சளாகி நடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு கறிவேப்பிலை. கீழே முற்றத்தில் மண் கிடந்தாலும் அதில் யாரும் எதுவும் வைக்கமாட்டார்கள். அடுத்த வருடம் ஊருக்குப் போய்விடுவோம் என்பது அப்போது எல்லா வீட்டுப் பேச்சும். சாடியென்றால் போகும்போது அடுத்த வீட்டு அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் போகலாம். மரத்தை என்ன செய்வது?

1995 ஐப்பசி முடிவில், போர் நெருங்கி வர, எங்கள் ஊர் உள்ள வலிகாமமே எழுந்து நடந்தது. ஐயாவும் அம்மாவும் காய்க்கிற கத்தரியையும் குலை தள்ளிய வாழையையும் விட்டுவிட்டுத் தென்மராட்சிக்குப் போனார்கள். செய்தி எனக்கு வந்து சேரப் பல வாரம் ஆனது. அந்தக் குளிர்காலம் என் பால்கனியில் வெறும் மண் நிரம்பிய சாடிகள்தான் இருந்தன.

சீசாவுக்கு நான் போனது அதற்குச் சில வருடங்களுக்குப் பின், தனியாக இருந்த ஒரு முதிய சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு. சீசா என்பது பழைய நகர மதிலுக்கு வெளியே மேற்கில் இருக்கும் பகுதி. 1165 அளவில் நோர்மன் அரசன் முதலாம் வில்லியம் தொடங்கி, அவன் மகன் இரண்டாம் வில்லியம் முடித்த கோடைமாளிகை ஒன்று அங்கே நிற்கிறது. அதன் பெயரே அந்த இடத்துக்கும். கட்டியவர்கள் அரபுக் கலைமரபில் தேர்ந்த கைவினைஞர்கள். கீழ்மண்டபத்துச் சுவரிலிருந்து ஊற்று நீர் சரிவான கல்லில் வழிந்து, தரையில் வெட்டிய வாய்க்கால் வழியாக வெளியே குளத்துக்குப் போகும்படி செய்திருந்தார்கள். கடற்காற்று அந்த நீர்மேல் பட்டு உள்ளே ஏறி மாளிகையைக் குளிர்வித்தது. சுற்றிலும் அரசனின் வேட்டைக்காடும் பழத்தோட்டமும். 2015இல் யுனெஸ்கோ இந்த மாளிகையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தத் தோட்டத்தை யாராலும் சேர்க்க முடியவில்லை, அது எப்போதோ போய்விட்டது.

தோட்டம் போன கதையைச் சிஞ்ஞோரா சொல்லித்தான் அறிந்தேன். மலைகளுக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள பலெர்மோச் சமவெளிக்குக் கொன்கா தோரோ என்று பெயர். அவர் சிறுமியாக இருந்தபோது சீசாவிலிருந்து மலையடிவாரம்வரை எலுமிச்சையும் மந்தரினும் என்றார். பங்குனியில் பூ வாசத்தில் தலை வலிக்குமாம். 1950களிலும் 60களிலும் சீமெந்து வந்தது. சால்வோ லீமா நகரபிதாவாகவும், பின்னாளில் மாஃபியாத் தொடர்புக்காகத் தண்டனை பெற்ற வீத்தோ சான்சிமினோ பொதுவேலைகளுக்குப் பொறுப்பாகவும் இருந்த காலத்தில் தோப்பு தோப்பாகத் தறித்து அடுக்குமாடி எழுப்பினார்கள். பலெர்மோவின் சூறை என்றே இந்த ஊர் மக்கள் அதைச் சொல்கிறார்கள். அதைச் சொல்லும்போது சிஞ்ஞோராவின் குரலில் இருந்த கோபம் எனக்குப் புதிதல்ல. ஒரு வளவு அழிந்ததைப் பற்றி என் அம்மாவும் அதே குரலில்தான் பேசுவார்.

அந்தச் சூறைக்குத் தப்பிய ஒரு துண்டு நிலம் சிஞ்ஞோராவின் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. மூன்று பக்கமும் உயர்ந்த கட்டடம், தெற்குப் பக்கம் மட்டும் வெயில். இரண்டு எலுமிச்சை, ஒரு மந்தரின், இங்கே நெஸ்போலா என்கிற லோக்காட் மரம் ஒன்று, மூலையில் சப்பாத்திக்கள்ளி. நடுவில் உடைந்த கதிரைகளும் பழைய அலுமாரிப் பலகைகளும் அடுக்கி மூடிக் கிடந்த கல்தொட்டி. பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டபோது அவர் யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுக்குள்ள தண்ணி நிண்டதோ, சிஞ்ஞோரா?” என்று எனக்குத் தெரிந்த இத்தாலியத்தில் கேட்டேன்.

“நிண்டதோவா? எங்கட அப்பா இதிலயிருந்துதான் முழுத் தோப்புக்கும் தண்ணி விட்டவர், மகளே.”

ஜெப்பியா என்பது அந்தத் தொட்டி. அதிலிருந்து கல்வாய்க்கால்; வாய்க்காலிலிருந்து ஒவ்வொரு மரத்தடிக்கும் மண்ணால் அணைத்த வட்டப் பாத்தி. மண்வெட்டியால் ஒன்றை அடைத்து ஒன்றைத் திறக்க வேண்டும் என்று கையை ஆட்டிக் காட்டத் தொடங்கினார். மிச்சத்தை நான் ஆட்டிக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். “உங்கட ஊரிலயும் அப்பிடியோ?”

இந்த ஊர்த் தொட்டிகளுக்குத் தண்ணீர் வந்த வழியைப் பின்னர் என் மகன் பள்ளிக்கூடத்தில் படித்து வந்து சொன்னான். மலையடிவாரத்து நிலத்தடி நீரைத் தொட்டு, நகரம்வரை மெல்லிய சரிவில் மென்கல்லைக் குடைந்து கொண்டுவந்த சுரங்க வாய்க்கால்கள் பலெர்மோவின் அடியில் ஓடுகின்றன. கனாத் என்று பெயர். அரபியர் கொண்டுவந்த தொழில்நுட்பம். பாரசீகத்தில் பிறந்தது. துலாவும் வேண்டாம், மெசினும் வேண்டாம். சரிவே நீரைக் கொண்டுவந்துவிடும். ஆபிரிக்காவிலிருந்து சிரோக்கோ அனல்காற்று வீசும் நாட்களில் வசதியானவர்கள் அந்தச் சுரங்க நீர் ஓடும் நிலவறைகளில் இறங்கி இருந்திருக்கிறார்கள். ஆறில்லாத சுண்ணாம்புக்கல் ஊரில் பிறந்த எனக்கு, நீர் காலுக்குக் கீழே இருக்கிறது என்று எவரும் விளக்கவேண்டியதில்லை.

831இல் பலெர்மோவைப் பிடித்த அரபியர் நீரோடு பயிரையும் கொண்டுவந்தார்கள். நாரத்தை, எலுமிச்சை, கரும்பு, கத்தரி எல்லாம் அப்படி வந்தவை. கத்தரியும் எலுமிச்சை இனங்களும் எங்கள் பக்கத்திலிருந்துதான் மேற்கே நடந்திருக்கின்றன. தக்காளியும் சப்பாத்திக்கள்ளியும் மெக்சிக்கோப் பக்கத்திலிருந்து, நெஸ்போலா கிழக்காசியாவிலிருந்து. பிரான்செஸ்கோ லொயாக்கொனோ 1875இல் வரைந்த பலெர்மோக் காட்சி என்ற ஓவியம் நகரத்தின் நவீன ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அதில் தெரிகிற மரம் செடி ஒன்றுகூட இந்த மண்ணில் தோன்றியதல்ல. 2018இல் பலெர்மோவில் நடந்த மானிஃபெஸ்தா கலைவிழா அந்த ஓவியத்தைத்தான் தன் தொடக்கப் புள்ளியாக எடுத்தது. என் பிள்ளைகள் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார்கள். நான் ஓவியம் அறிந்தவளல்ல. ஆனால் அந்தப் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றேன். வெளியிலிருந்து வந்த விதையால் ஆன தோட்டம் என்றால் பலெர்மோ முழுதுமே அப்படித்தான். எங்கள் புடலங்காய் அங்கே பிந்தி வந்த ஒன்று மட்டும்.

பாதி நிலத்தை எனக்கென்று சிஞ்ஞோரா விட்டுத்தந்தார். கொத்தியபோது மேலே சீமெந்துத் துண்டும் ஓட்டுச் சல்லியும் வந்தன. அதற்குக் கீழே செம்மண். கையில் எடுத்துக் கசக்கிப் பார்த்தேன். நீர்வேலி மண்ணைவிடக் கொஞ்சம் இறுக்கம், நிறம் ஏறக்குறைய அதே. சீனக் கடையில் மூங்கில் வாங்கிப் பந்தல் போட்டோம். சித்திரையில் சுரை விதை ஊன்றினேன். வைகாசியில் மண் சூடேறிய பிறகு வெண்டி, புடல், பாகல், பயற்றை. இங்கே அவசரப்பட்டால் விதை அழுகும். இரவுக் குளிர் முற்றாக விடவேண்டும். ஊரில் மாதம் பார்த்து விதைத்தோம், இங்கே மண்ணைத் தொட்டுப் பார்த்து விதைக்கிறேன்.

சுரைப்பூ மாலையில்தான் விரியும். கட்டடங்களுக்கு நடுவில் அடைபட்ட நிலத்தில் அந்துப்பூச்சி குறைவு. பிஞ்சு பிடிக்காமல் மஞ்சளாகி விழுந்தது. அம்மா செய்வதுபோல் ஆண்பூவைப் பிடுங்கி இதழைக் கிழித்துவிட்டுப் பெண்பூவின் நடுவில் தடவினேன். சிஞ்ஞோரா தடியை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்து, தன் தாயும் இதையே செய்தவர் என்றார். பிறகு ஒவ்வொரு மாலையும் கதிரை போட்டு உட்கார்ந்து, எந்தப் பெண்பூ விரிந்திருக்கிறது என்று தடியால் சுட்டிக்காட்டுவது அவருடைய வேலையாகிவிட்டது.

புடலங்காயின் நுனியில் கல் கட்டித் தொங்கவிட்டது அந்தக் கட்டடத்தின் எல்லாப் பால்கனிகளுக்கும் செய்தியானது. வளையாமல் நேராக வளரக் கட்டுவது என்று சொன்னபின் மூன்றாம் மாடி அம்மா தன் சுரைக்கும் கல் கட்டிப் பார்த்தார். பாகற்காயை ஒருவரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. வெண்டிக்காய் அவர்களுக்குப் புதிது; பொரித்துக் கொடுத்தேன், அதற்கு மட்டும் ஆள் வந்தது. சுரைக்கொழுந்து வறையைச் சிஞ்ஞோரா தன் சாவுவரை வாரத்தில் ஒருநாள் என்னிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், தேங்காய்ப்பூக் கூடப் போடச் சொல்லி.

நான் அவரிடம் கற்றது அதைவிட அதிகம். சப்பாத்திக்கள்ளியின் முதல் பூக்களை ஆனி மாதத்தில் தட்டிவிடவேண்டும். மரம் மறுபடி பூத்து, இலையுதிர்காலத்தில் பெரிய, சாறுள்ள பழமாகத் தரும். எலுமிச்சைக்குக் கோடைத் தொடக்கத்தில் தண்ணீரை நிறுத்தி, இலை சுருளும்வரை வாடவிட்டு, பின் வயிறு நிறையக் கொடுக்கவேண்டும். அப்போது பருவம் தப்பிப் பூத்து, அடுத்த கோடையில், எங்கும் எலுமிச்சை இல்லாத நேரத்தில் பச்சைக் காயாகப் பறிக்கலாம். வேர்தெல்லி என்று அந்தக் காய்க்குத் தனி விலை. எத்தனை நாள் வாடவிடுவது என்பதை அவருடைய தந்தை இலையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சொல்வாராம். மரத்தை வருத்துவது எனக்கு முதலில் மனதுக்கு ஒப்பவில்லை. ஆனால் அந்த மரங்கள் நெடுங்காலமாக இந்தக் கைக்குப் பழகியவை, இன்னும் நன்றாகவே காய்க்கின்றன.

கறிவேப்பிலைக்கு வருகிறேன். ஒரு தோழியின் சாடியில் முளைத்த வேர்க்கன்று அது. தெற்கு பார்த்த சுவரோரம் நிலத்தில் வைத்தேன். தை மாதத்தில் இலையெல்லாம் கொட்டி நுனி கறுத்தது. ஒருநாள் காலை போய்ப் பார்த்தால் ஒவ்வொரு நுனியிலும் அரை முட்டைக்கோது கவிழ்த்து வைத்திருந்தது. ஈழத்தலரியைப் பலெர்மோக்காரர் பொமேலியா என்பார்கள். அவர்களுக்கு அது வீட்டுத் தெய்வம், பால்கனிதோறும் நிற்கும். குளிர்காலத்தில் அதன் நுனி அழுகாமல் இப்படித்தான் முட்டைக்கோது வைப்பார்கள். என் செடியையும் சிஞ்ஞோரா அந்த வரிசையில் சேர்த்துவிட்டார். சித்திரையில் அது துளிர்த்தது. கோதினாலா, சுவரின் சூட்டினாலா என்று நான் ஆராயவில்லை. இன்றும் ஒவ்வொரு மார்கழியிலும் வைக்கிறேன்.

முருங்கை இங்கே குளிரில் இலை கொட்டி மொட்டையாகும், வெட்டிவிட்டால் மீண்டும் தழைக்கும். இலைக்குக் குறைவில்லை, காய் அரிது. வாழையை ஜெப்பியாவின் மிகுநீர் போகும் வாயில் வைத்தேன். பலெர்மோ முற்றங்களில் வாழை முன்பே உண்டு, சின்னப் பழம். என் வாழையும் குலை தள்ளியது. நீர்வேலிக் கதலிக்கு ஈடில்லை, ஆனாலும் அது வாழைப்பழம்.

2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு ஊருக்குப் போனேன். கிணறு இருந்தது, துலாக்கால் இருந்தது, தோட்டம் நாயுருவிப் பற்றையாக நின்றது. அம்மா அயலில் வாங்கித் தந்த விதைப் பொட்டலங்களோடு திரும்பினேன். அப்போது போகும் எண்ணம் இன்னும் மிச்சம் இருந்தது. 2009 வைகாசியில் போர் முடிந்த பிறகு இல்லை. அந்த வருடம், சாடியில் ஒரு முழ உயரம் நின்ற மாங்கன்றை எடுத்துச் சீசா நிலத்தில் நட்டேன். கணவர் குழி வெட்டினார். ஊருக்குத் திரும்புவது பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் அன்றோடு நின்றது. இன்று சிசிலியின் கரையோரங்களில் எலுமிச்சை நின்ற தோப்புகளிலேயே மாவும் அவக்காடோவும் நட்டு, மாம்பழத்தை ஆவணி புரட்டாதியில் பறித்து இத்தாலி முழுதும் விற்கிறார்கள். என் மரமும் ஒட்டுப் போட்டபின் காய்க்கிறது.

சிஞ்ஞோரா இறந்தபின் அவருடைய மகள் நிலத்தை விற்கவில்லை. எலுமிச்சையும் நெஸ்போலாவும் அவருக்கு, மிச்சம் எனக்கு, தண்ணீர் இருவருக்கும் என்று பேசிக்கொண்டோம். சீசாவிலிருந்து நடக்கும் தூரத்தில் தனிசின்னி என்ற பள்ளமான பகுதி உண்டு, ஒருகாலத்தில் பப்பிரேத்தோ ஆறு ஊற்றெடுத்த இடம். அங்கே சாந்தாஞ்ஞேசே பங்குக் கோயிலோடு சேர்ந்து ஊர் மக்கள் கழுதைகளும் காய்கறிப் பாத்திகளுமாக ஒரு சமூகப் பண்ணை நடத்துகிறார்கள். என்னிடம் மிஞ்சிய நாற்றுகளை அங்கே கொண்டுபோய்க் கொடுப்பேன். நகரத்தின் நடுவில், சீமெந்துக்கு விட்டுக்கொடுக்காத மண்ணைப் பார்ப்பதே எனக்கு நிம்மதி.

ஆனால் வெயில் மாறிவிட்டது. 2023 யூலையில் பலெர்மோவின் பழைய வானாய்வகத்தில் வெப்பம் 47 பாகையைத் தொட்டது. நகரைச் சுற்றிய மலைகள் எரிந்தன. பந்தலில் நின்ற சுரை இலை ஒரே நாளில் கடதாசியாய்க் காய்ந்தது. வெண்டி மட்டும் தாங்கி நின்றது. அடுத்த வருடம் மழை பொய்த்து, சிசிலிக்கு வறட்சி அவசரநிலை அறிவித்தார்கள். 2024 இலையுதிர்காலத்தில் பலெர்மோவின் பல பகுதிகளுக்கு முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள். கட்டடத்தில் எல்லாரும் கலங்கிப்போனார்கள். நான் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாளி கொடுத்து, அரிசியும் கீரையும் கழுவிய தண்ணீரைக் கொட்டாமல் தரச் சொன்னேன். வாழைக்குக் குளியல் தண்ணீர், மாவுக்குக் கழுவிய தண்ணீர். ஜெப்பியாவின் வெடிப்பைப் பூசி மாரி மழையைக் கூரையிலிருந்து அதற்குள் இறக்கினோம். அரசர்களின் குளத்துக்கு நீர் கொண்டுவந்த அறிவு இந்த நகரத்துக்குத் தெரியாததல்ல. அது நினைவுக்கு வந்தால் போதும்.

ஊர் போய் வருகிற எங்கள் ஆட்களிடம் ஒன்றைக் கேட்கவேண்டும். 2019 டிசெம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் செடியோ விதையோ பழமோ கொண்டுவர முடியாது. அன்னாசி, தேங்காய், துரியான், வாழைப்பழம், பேரீச்சை ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. பலர் இதைத் தொல்லை என்று நினைத்துக் கறிவேப்பிலைக் கன்றை உடுப்புக்குள் சுற்றிக் கொண்டுவருகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். தோடை, எலுமிச்சையைக் கொல்லும் பச்சையாக்க நோயைப் பரப்புகிற குட்டிப் பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருக்கும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம். அமெரிக்காவின் புளோரிடாவில் 2005இல் அந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது, அங்கே தோடைத் தோப்புகள் இன்றுவரை எழும்பவில்லை. எங்களுக்கு இடம் தந்த இந்தத் தீவின் எலுமிச்சைக்கு எங்கள் பயணப் பையிலிருந்து சாவு வரக்கூடாது.

கன்று இங்கேயே இருக்கிறது. என் கறிவேப்பிலை புரட்டாதியில் கறுப்பாகப் பழுக்கும். அந்த விதை காய்ந்தால் முளைக்காது, பறித்த சில நாட்களுக்குள் ஊன்றவேண்டும். சுற்றிலும் வேர்க்கன்றுகளும் கிளம்புகின்றன. பலெர்மோவில் யாருக்கு வேண்டுமானாலும் சீசாவுக்கு வந்து கேளுங்கள், தருகிறேன். கொண்டுபோய்ச் சாடியில் வைக்காமல், ஒரு முழம் மண் இருந்தாலும் நிலத்தில் வையுங்கள்.